அங்கோர் வாட்டில் ஒரு பூக்குடை

"கம்போடியாவுலேர்ந்து ஒருத்தன் என்னை ஃபாலோ பண்ணிக்கிட்டே வர்றான் மேடம்" என்றார் வந்தவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

"அவ்ளோ தூரமா? பாவம், கால் வலிச்சிருக்குமே" என்றாள் நசீமா.

ஷ்யாமளா அவளைத் திரும்பிப் பார்த்தாள். நசீமா காபி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹூஸ்டனில், ஹில்கிராஃப்ட் அவென்யூவில், ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது ஷ்யாமளாவின் துப்பறியும் அலுவலகம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அலுத்துப் போய், லைசென்ஸ் எடுத்துத் தனிக்கடை போட்டிருந்தாள். நசீமா அவளுடைய உதவியாளர். திருவல்லிக்கேணிக்காரி, முன்பு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவள். கார் ஓட்டுவாள், யாரிடமும் பேச்சுக் கொடுத்து விஷயம் கறப்பாள், யாரும் கேட்காதபோதும் அபிப்பிராயம் சொல்வாள். கடைசி வேலையை மட்டும் சம்பளம் இல்லாமல் செய்தாள்.

வந்தவர் பெயர் ஜெபதாஸ். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல ஆகிருதி, உட்கார்ந்தால் நாற்காலி ஒரு முறை முனகும். ஓர் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். வீடு ஹூஸ்டனுக்குப் பக்கத்தில், சுகர் லேண்டில். கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டை போகிற வழியில், மனைவி கிருபாராணியையும் மகள் ரெபெக்காவையும் அங்கோர் கோயில்களைக் காட்ட அழைத்துப் போயிருந்தார். இப்போது ஜனவரி. ஃபிலிம் ரோல்களையெல்லாம் கழுவி, பிரிண்ட் போட்டு, ஒரு ஷூ டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"இது அங்கோர் வாட். இது பாயோன், கோபுரம் பூரா கல்லுல முகம் முகமா சிரிக்குது பாருங்க. இது தா ப்ரோம். மரம் வேரை விட்டு கோயிலையே கட்டிப் பிடிச்சிருக்கு. கோயிலை விடுங்க, எங்க பின்னாடி பாருங்க."

அவர் காட்டிய படம் எல்லாவற்றிலும் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி இருந்தது. தொப்பிக்குக் கீழே ஒல்லியான ஓர் ஆண். தோளில் நீலப் பை. முகம் நிழலில் மறைந்திருந்தது.

"அங்க போற எல்லாரும் அதே கோயில்களைத்தானே சார் சுத்துவாங்க?" என்றாள் ஷ்யாமளா.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா போன சனிக்கிழமை இதே ஹில்கிராஃப்ட்ல, மளிகைக் கடையில அவன் நிக்கறான். முருங்கைக்காய் பொறுக்கிக்கிட்டு!"

"முருங்கைக்காயா? அப்ப டேஞ்சரான ஆளுதான்."

"நசீமா."

"காபில சுகர் போடவான்னு கேக்க வந்தேன்க்கா."

ஜெபதாஸ் குரலைத் தாழ்த்தினார். "மேடம், எங்க கம்பெனி அந்தப் பக்கத்துக் கடல்ல ஆயில் தேடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கு. போட்டிக் கம்பெனிக்காரன் அனுப்பின ஸ்பை இவன். எனக்குச் சந்தேகமே இல்ல."

"கம்பெனி செக்யூரிட்டிகிட்ட சொன்னீங்களா?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஜனவரி மாதம், அறையில் ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது. "இல்ல. பெரிசாயிடும். அவன் யாரு, எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, நான் நேர்ல பேசிக்கறேன். இன்னொண்ணு, ராணிக்குத் தெரிய வேண்டாம். நர்ஸ்தான், ஆனா பயந்த சுபாவம்."

"ஃபோட்டோ எதுலயும் முகம் தெரியலையே சார். கடையில எப்படி அவன்தான்னு கண்டுபிடிச்சீங்க?"

"அது... நடை. நடையைப் பார்த்தாலே தெரிஞ்சிடுச்சு."

அவர் படியிறங்கிப் போன பிறகு நசீமா அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். "ஏன்க்கா, முருங்கைக்காயை நடந்துக்கிட்டேவா பொறுக்குவாங்க?"

"அதேதான் நானும் நினைச்சேன். அவன் முகத்தை இவர் எங்கேயோ கிட்டத்துல பார்த்திருக்கார். அதை நம்மகிட்ட மறைக்கறார்."

"கிளையண்ட்டே பொய் சொன்னா நாம யாரைப் பிடிக்கறது?"

"முதல்ல தொப்பியைப் பிடிப்போம். பொய்யை அப்புறம் பார்ப்போம்."

இருவரும் புகைப்படங்களை மேஜை முழுக்கப் பரப்பினார்கள். வெள்ளைத் தொப்பி இருப்பவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். பிரித்து முடித்ததும் ஷ்யாமளா நிமிர்ந்தாள். ஹோட்டல் சாப்பாட்டு மேஜையில் தொப்பிக்காரன் இல்லை. ஏரியில் படகுச் சவாரியில் இல்லை. மார்க்கெட்டில் இல்லை.

"ஸ்பைன்னா வாய் திறந்து பேசற இடத்துலதானே இருக்கணும்? சாப்பிடற இடத்துல, படகுல. அங்கெல்லாம் காணோம். எங்க இருக்கான்னு பாரு."

நசீமா குனிந்து பார்த்தாள். அங்கோர் வாட்டின் செங்குத்தான படிக்கட்டு. பாயோன் மாடிப்படி. சூரிய அஸ்தமனம் பார்க்க ஏறுகிற குன்றின் பாதை. "மேல ஏற வேண்டிய இடமா வந்து நிக்கறான்."

"இன்னொண்ணும் இருக்கு."

"கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறான்! உலகமே பார்க்க வர்ற கோயில்க்கா. பின்னாடி அவ்வளவு பெரிய முகம் சிரிக்குது, இவன் நம்ம ஜெபதாஸ் சாரைப் பார்த்துக்கிட்டிருக்கான். என்ன ரசனையோ!"

ஷ்யாமளா ஜன்னல் பக்கம் போனாள். தா ப்ரோமில் எடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். மரத்தின் வேர்களுக்குப் பக்கத்தில் நின்ற தொப்பிக்காரன் கையில் ஒரு குடை விரிந்திருந்தது. மஞ்சள் துணியில் பெரிய பெரிய சிவப்புப் பூ.

"எந்த ஊர் ஸ்பை பூப்போட்ட குடை பிடிப்பான்?" என்றாள் நசீமா.

ஷ்யாமளா இன்னொரு படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அங்கோர் வாட் வாசலில் கிருபாராணி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் தலைக்கு மேல் அதே மஞ்சள் குடை, அதே சிவப்புப் பூ.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஜெபதாஸைக் கூப்பிட்டாள். "சார், உங்க வீட்டுல ஒரு மஞ்சள் குடை இருந்ததா?"

"அதை ஏன் கேக்கறீங்க? ராணி தா ப்ரோம்ல எங்கேயோ வச்சுத் தொலைச்சுட்டா. ஒரு நாள் பூரா சொல்லிக் காட்டினேன்."

"தேங்க்ஸ் சார்." ஃபோனை வைத்தாள். "காரை எடு. சுகர் லேண்ட் போகணும்."

ஃப்ரீவேயில் மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. வைப்பரின் சத்தத்துக்கு மேல் நசீமா தன் முடிவை அறிவித்தாள்.

"இது வேற மாதிரி கேஸ்க்கா. சம்சாரத்தோட குடை இன்னொரு ஆளு கையில. ஜெபதாஸ் சார் ஆயில், ஸ்பைன்னு பேசிக்கிட்டிருக்கார். பாவம்."

"அப்படின்னா அவன் யாரைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்?"

"கிருபாராணியை."

"ஒரு ஃபோட்டோவுல பார்க்கறானா?"

நசீமா யோசித்தாள். "இல்ல. எல்லாத்துலயும் சாரைத்தான்." ஒரு லாரியைத் தாண்டினாள். "ஒரு நல்ல கதையை இப்படிப் பாழ் பண்ணிட்டீங்களே."

சுகர் லேண்ட் வீட்டில் கதவைத் திறந்தவள் ரெபெக்கா. ஹைஸ்கூல் படிக்கிறவள், காதில் ஹெட்ஃபோன், கையில் சிப்ஸ் பாக்கெட். கதவுக்குப் பின்னால், ஈரம் சொட்டச் சொட்ட, மஞ்சள் குடை சுவரில் சாய்ந்திருந்தது.

"அழகான குடையா இருக்கே!" என்றாள் நசீமா.

"இட்ஸ் மாம்ஸ்."

"கம்போடியாவுல தொலைஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன்?"

"யா. தென் இட் கேம் பேக்." ரெபெக்கா தோளைக் குலுக்கினாள். "மாம் சேஸ் டோன்ட் டெல் டாட்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் உள்ளே இருந்து கிருபாராணியே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்த நீல உடையைக்கூட மாற்றவில்லை. ஷ்யாமளா தன் கார்டைக் கொடுத்தாள், தா ப்ரோம் படத்தைக் காட்டினாள். வேறெதுவும் சொல்லவில்லை.

கிருபாராணி படத்தைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், மகளை மாடிக்குப் போகச் சொன்னாள்.

"அவர் உங்ககிட்ட வந்தாரா?"

"வந்தார். இந்தத் தொப்பிக்காரர் ஸ்பைன்னு சொல்றார்."

கிருபாராணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவன் பேரு ஆட்ரியன். எங்க ஹாஸ்பிட்டல்ல ஹார்ட்டுக்குள்ள ட்யூப் விட்டு அடைப்பு பார்ப்பாங்க இல்ல, அங்க டெக்னீஷியன். தூத்துக்குடி. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறதா இருந்தான். 'தம்பி, கம்போடியா வழியாப் போ, அவர் பின்னாடியே இரு'ன்னு நான்தான் கெஞ்சினேன்."

"சாருக்கு ஹார்ட் ப்ராப்ளமா?"

"ட்ரெட்மில் டெஸ்ட் சரியில்ல. உடனே ஆஞ்சியோகிராம் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். டேட் வாங்கினா இவர் போன் பண்ணிக் கேன்சல் பண்றார். 'கம்போடியா போயிட்டு வந்து பார்த்துக்கலாம்'ங்கறார். டிரிப்பைக் கேன்சல் பண்ணலாம்னு சொன்னேன், சாப்பிடாம உட்கார்ந்துட்டார். சின்ன வயசுலேர்ந்து அந்தக் கோயிலைப் பார்க்கணும்னு ஆசை. ஆசைப்பட்டவரை நான் என்ன பண்றது?"

"நீங்களே நர்ஸாச்சே. கூடவே இருந்திருக்கலாமே?" என்றாள் நசீமா.

"பக்கத்துல போய் மூஞ்சியைப் பார்த்தாலே, 'உன் டூட்டியை ஹாஸ்பிட்டலோட வச்சுக்கோ'ன்னு கத்துவார். அதான் ஆட்ரியன். பையில மாத்திரை, பிரஷர் மெஷின் எல்லாம் குடுத்தனுப்பினேன். எங்கெங்க படி இருக்கோ அங்கெல்லாம் கீழ நின்னான். அந்த வெயில்ல நின்னு நின்னு முகமெல்லாம் சிவந்து போச்சு. மனசு கேக்கல, குடையைக் குடுத்துட்டேன்."

நசீமா மூக்கை உறிஞ்சினாள். "நான் என்னென்னமோ நினைச்சுட்டேன் ஆன்ட்டி."

"ஆன்ட்டியா? உங்களுக்கும் எனக்கும் என்ன வயசு வித்தியாசம்?"

ஷ்யாமளா குறுக்கே வந்தாள். "இப்ப என்ன நிலைமை?"

"வியாழக்கிழமை காலைல திரும்ப டேட் வாங்கியிருக்கேன். ஆட்ரியன்தான் பிடிவாதம் பிடிச்சான், 'லேட் பண்ணாதீங்கக்கா'ன்னு. ஏன்டான்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறான். இவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"அவரை அங்க கூட்டிக்கிட்டு வர்றது என் வேலை. ஆனா அவர் என் கிளையண்ட். அங்க வந்ததும் எல்லாத்தையும் சொல்லிடுவேன். அதுக்கு மேல சரின்னு சொல்றதும் மாட்டேன்னு சொல்றதும் அவர் இஷ்டம்."

கிருபாராணி தலையாட்டினாள்.

புதன்கிழமை மாலை ஷ்யாமளா ஜெபதாஸுக்கு ஃபோன் செய்தாள். "ஆளைக் கண்டுபிடிச்சாச்சு சார். நாளைக்குக் காலைல காட்டறேன். மெடிக்கல் சென்டர் பக்கம்."

"வெரி குட்! எத்தனை மணிக்கு?"

"ஏழரை. ஒரு விஷயம், வெறும் வயித்தோட வாங்க."

"ஏன்?"

ஷ்யாமளா தயங்கினாள். நசீமா ஃபோனுக்குள் எட்டிச் சொன்னாள்: "ஓட வேண்டி வந்தாலும் வரும் சார்!"

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஜெபதாஸ் ஓட்டத்துக்குத் தயாராக, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றார். உள்ளே நுழையும்போது கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "ஸ்பை இங்கயா வேலை பார்க்கறான்? இது ராணியோட ஹாஸ்பிட்டலாச்சே!"

நசீமா லிஃப்ட் பட்டனை அழுத்த, மூவரும் மேலே போனார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே கிருபாராணியும், அவளுக்குப் பக்கத்தில் பச்சை உடையில் ஒல்லியான ஓர் இளைஞனும் நின்றார்கள். தொப்பி இல்லாமல் முகம் தெளிவாகத் தெரிந்தது.

ஜெபதாஸின் முகம் வெளுத்தது. அவர் இளைஞனைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார். "ராணி, இவன் உன்கிட்ட சொல்லிட்டானா?"

"எதை?" என்றாள் கிருபாராணி.

அந்த ஒரு கேள்வியில் ஷ்யாமளாவுக்கு மிச்சமிருந்ததும் விளங்கிவிட்டது.

"சார், இன்னைக்கு இங்க உங்களுக்கு ஆஞ்சியோகிராம் டேட், அதுக்குத்தான் வெறும் வயித்தோட வரச் சொன்னேன். இவர் பேரு ஆட்ரியன். உங்க ஹார்ட்டுக்காகக் கூடவே இருக்கச் சொல்லி உங்க மனைவி அனுப்பினவர். ஸ்பை இல்ல. ஆனா ஸ்பைன்னு நீங்களும் நம்பல, இல்லையா? நம்பியிருந்தா கம்பெனி செக்யூரிட்டிகிட்ட போயிருப்பீங்க, ஹில்கிராஃப்ட் மாடிக்கு வந்திருக்க மாட்டீங்க. இவர் முகத்தை நீங்க கிட்டத்துல பார்த்திருக்கீங்க. எங்க பார்த்தீங்க?"

ஜெபதாஸ் கைக்குட்டையைத் தேடினார். ஆட்ரியன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லு தம்பி" என்றாள் கிருபாராணி.

"நான் சொல்ல மாட்டேன்னு சாருக்கு வாக்கு குடுத்திருக்கேன்க்கா."

ஜெபதாஸ் அங்கிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு அவரே சொன்னார்.

"அங்கோர் வாட்ல, அந்த மேல் படிக்கட்டு. உன்னையும் ரெபெக்காவையும் முன்னாடி ஏறச் சொல்லிட்டு நான் வீடியோ எடுத்துக்கிட்டு வந்தேனே, அப்ப. பாதி ஏறினதும் நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூச்சு விட முடியல. அப்படியே படியில உட்கார்ந்துட்டேன்."

"சிற்பம் பார்த்துக்கிட்டிருந்தேன்னு சொன்னீங்களே?"

"அந்தப் படியில சிற்பமே கிடையாது அக்கா" என்றான் ஆட்ரியன், மெதுவாக.

"இவன் கீழேர்ந்து ஏறி வந்தான். நாக்குக்கடியில ஒரு மாத்திரை வச்சான். யாரோ டூரிஸ்ட்னு நினைச்சேன். 'மேல என் ஒய்ஃப் இருக்கா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி'ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டேன். சரின்னான். ஊருக்கு வந்து பார்த்தா, கடையில முருங்கைக்காய் பொறுக்கறான், நீ அவனைப் பார்த்துச் சிரிக்கற! எனக்கு உசிரே போச்சு. சொல்லிட்டா நீ உடனே இங்க இழுத்துக்கிட்டு வந்துடுவேன்னு தெரியும். அவனை முதல்ல பிடிச்சு வாயை மூடணும்னுதான் இவங்ககிட்ட போனேன்."

நசீமா ஷ்யாமளாவின் காதில் கிசுகிசுத்தாள். "சாட்சியை அமுக்கறதுக்கு நம்மள வாடகைக்குப் பிடிச்சிருக்கார்க்கா."

கிருபாராணி கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க சொல்லல?"

"எங்க அப்பா ஆபரேஷனுக்குன்னு உள்ள போனவர், திரும்பி வரல. உனக்குத்தான் தெரியுமே." அவர் தன் வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள போறதுக்கு முன்னாடி அந்தக் கோயிலை ஒரு தடவை பார்த்துடணும்னு நினைச்சேன். பார்த்த பிறகு இன்னும் பயமாயிடுச்சு. ரெபெக்கா மேல நின்னுக்கிட்டுக் கையசைச்சா இல்ல... நாம இன்னும் நிறைய இடம் போகலாமேன்னு தோணிடுச்சு."

கிருபாராணி அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் பழக்கத்தில் நாடியைத் தேடிப் பிடித்தன. ஜெபதாஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஆஞ்சியோகிராம் மெஷினை ஓட்டறது யாரு?" என்று கேட்டார் கடைசியில்.

"டாக்டர் பண்ணுவார் சார். நான் பக்கத்துல இருப்பேன்" என்றான் ஆட்ரியன்.

ஜெபதாஸ் எழுந்தார். வாட்சைக் கழற்றினார். விரலில் இறுகிப் போயிருந்த கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றி, இரண்டையும் மனைவியிடம் கொடுத்தார். உள்ளே போனார்.

காத்திருந்த நேரம் முழுக்க நசீமா ஒரு வார்த்தை பேசவில்லை. ஷ்யாமளாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ரெபெக்காவும் வந்து சேர்ந்தாள். அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மதியத்துக்கு முன்பாக டாக்டர் வெளியே வந்தார். முக்கியமான ரத்தக் குழாய் ஒன்று கிட்டத்தட்ட முழுவதும் அடைத்திருந்ததாகவும், ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டதாகவும் சொன்னார். நல்ல வேளையாக இன்றைக்கே வந்தீர்கள் என்றார். கிருபாராணி நிதானமாக நன்றி சொன்னாள். அவர் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். ரெபெக்கா அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "இட்ஸ் ஓகே அம்மா, இட்ஸ் ஓகே."

அறைக்குள் எல்லோரும் போனபோது ஜெபதாஸ் மல்லாந்து படுத்திருந்தார். ட்யூப் விடுவதற்காகத் தொடையில் குத்திய இடத்தில் கட்டு. காலை அசைக்கக் கூடாது என்று உத்தரவு. ஷ்யாமளாவைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தார்.

"மேடம், நான் குடுத்த கேஸை எனக்கே எதிரா முடிச்சுட்டீங்க."

"ஆளைக் காட்டச் சொன்னீங்க, காட்டிட்டேன் சார்."

"ஓடவே விடலையே! இந்த ஷூவைப் போட்டுக்கிட்டு வந்தது வேஸ்ட்."

யாரும் எதிர்பார்க்காதபடி கிருபாராணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் நெற்றியில் கை வைத்தாள். மோதிரத்தை எடுத்து அவர் விரலில் போட்டுவிட்டாள்.

"ராணி, ஏதாவது திட்டேன். சும்மா இருந்தா பயமா இருக்கு."

"திட்டறதுக்கு இன்னும் நிறைய வருஷம் இருக்கு." அவள் போர்வையைச் சரி செய்தாள். "அடுத்த டிரிப்புக்கு மட்டும் படியே இல்லாத, சமதரையா ஒரு ஊரைப் பார்த்து வைங்க."

ஜெபதாஸ் கூரையைப் பார்த்து மிகத் தீவிரமாக யோசித்தார். உலகத்தில் அப்படி எந்த ஊரும் அவருக்கு நினைவு வரவில்லை.

"கான்சாஸ், டாட். தி ஹோல் ஸ்டேட் இஸ் ஃப்ளாட்" என்றாள் ரெபெக்கா.

நசீமாதான் முதலில் சிரித்தாள். பிறகு அறையே சிரித்தது. ஜெபதாஸ் வயிறு குலுங்கச் சிரிக்க, கிருபாராணி சிரித்துக்கொண்டே அவருடைய காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அசையாதீங்க! சொன்னாக் கேளுங்க, அசையாதீங்க!"